ஆல்ப்ஸில் ஒரு மலைத்தொடரின் இடத்தைக் கண்டறிவது எப்படி: பெர்னினாவை முன்வைத்து

ஆல்ப்ஸ் மலைகளில் ஒரு தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய விரும்புபவர், சிகரங்களைத் தேடுவதற்கு முன் பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் தேட வேண்டும். தொடருக்குப் பெயர் தருவது பெரும்பாலும் சிகரம்தான் என்றாலும், எல்லை தருவது தாழ்ந்த நிலமே. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையிலுள்ள பெர்னினா மலைகளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

வரைபடத்தில் 1,815 மீட்டர் உயரமுள்ள மலோயா கணவாயில் பென்சிலை வைத்து, இன் ஆறு ஓடும் எங்கடின் பள்ளத்தாக்கின் வழியே வடகிழக்காகக் கோடு வரையுங்கள். பிறகு தென்கிழக்கே திரும்பி, 2,328 மீட்டர் உயரப் பெர்னினா கணவாயைக் கடந்து, போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் இறங்கி, அட்டா ஆற்றின் வால்டெல்லினாவை அடைந்து, மேற்கே கோமோ ஏரியின் தலைப்பகுதி வரை சென்று, மேரா ஆற்றையொட்டி மலோயாவுக்கே ஏறி வந்தால் எல்லை மூடிவிடும்.

கணவாய்களில் மட்டும் அவசரப்படக் கூடாது. பெர்னினா கணவாய்க்கு அருகில் லேய் நாயர், லாகோ பியாங்கோ என்னும் இரு ஏரிகள் சிறு இடைவெளியில் கிடக்கின்றன. முன்னதன் நீர் இன், டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், பின்னதன் நீர் போஸ்கியாவோ, அட்டா, போ வழியாக அட்ரியாட்டிக் கடலுக்கும் செல்கிறது. இடையிலுள்ள நிலம் மிகத் தாழ்வானது. அங்கே உயரக் கோடுகளை நம்புவதைவிட, ஓடையைக் காட்டும் நீலக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பின்தொடர்வதே நல்லது. லாகோ பியாங்கோவின் இரு முனைகளிலும் அணை இருப்பதால், நீரின் இயல்பான போக்கையே கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லை கிடைத்த பின்னரே வகைப்பாட்டுக்கு வர வேண்டும். 1926-இல் வெளியான இத்தாலியப் பகுப்பு ஆல்ப்ஸை மூன்றாகப் பிரித்து, ஃபெரே கணவாய்க்கும் பிரென்னர் கணவாய்க்கும் இடைப்பட்டதை மத்திய ஆல்ப்ஸ் என்கிறது. பெர்னினா அதில் அடங்கும். செர்ஜியோ மராத்சி 2005-இல் முன்வைத்த சோயுசா முறையோ, ரைன் ஆறு, ஸ்ப்லூகன் கணவாய், கோமோ ஏரி ஆகியவற்றை இணைக்கும் கோட்டால் ஆல்ப்ஸை இரண்டாக மட்டும் பிரிப்பதால், பெர்னினா கிழக்கு ஆல்ப்ஸுக்குப் போய்விடுகிறது. அம்முறையில் குறியீட்டை மேலிருந்து கீழாக எழுத வேண்டும்: கிழக்குப் பாகத்துக்கு II, மத்திய-கிழக்குப் பெரும்பிரிவுக்கு A, மேற்கு ரேட்டிய ஆல்ப்ஸ் பிரிவுக்கு 15, பெர்னினா உட்பிரிவுக்கு III, ஆக II/A-15.III. கிழக்கு ஆல்ப்ஸை 75 குழுக்களாக்கும் ஆல்பைன் சங்கப் பகுப்பில் அதன் எண் 66.

ஆகவே எந்த முறை என்பதை முதலில் குறிப்பிட்டுவிட்டே மற்றவற்றை எழுதுங்கள். 4,049 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பெர்னினா கிழக்கு ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரம் என்ற கூற்று இருபாகப் பகுப்பில் மட்டுமே செல்லும். மூன்றாகப் பிரித்தால் அப்பெருமை பிரென்னருக்குக் கிழக்கிலுள்ள 3,798 மீட்டர் குரோஸ்குளோக்னருக்கே உரியது.