பழைய நகையைச் செய்த பட்டறையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அட்டிகையின் கொக்கியில் இரண்டு எழுத்து முத்திரை தெரிந்ததும், செய்தவர் கிடைத்துவிட்டார் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கடைக்காரருடைய முத்திரை. கடை தங்கம் கொடுக்கும். பத்தர் (பொற்கொல்லர்) கூலிக்குச் செய்து, சேதாரம் கழித்து எடை ஒப்படைப்பார். வீட்டுக்கு வழக்கமாக வரும் பத்தரிடமே செய்துகொண்ட நகையில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. எனவே விற்ற கடை ஒரு தடம், செய்த பட்டறை இன்னொரு தடம். நோட்டில் முதலிலேயே இரண்டு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிபர், சின்ன டார்ச், போன்.

1. கழுவாமல் படம் எடுங்கள்

மெருகு போடக் கொடுத்தால் தேய்ந்த முத்திரை அடியோடு போய்விடும். கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதித்த அடைப்புக் கட்டிடமாக இருந்தால் தண்ணீரே படக்கூடாது. கெம்புக்கு (சிவப்புக் கல்லுக்கு)ப் பின்னால் வைத்த தகடு ஈரம் பட்டுக் கறுத்து, கல் செத்துப் போனதுபோல் ஆகிவிடும். உள்ளே நிரப்பிய அரக்கு வெந்நீரில் இளகும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, திருகாணி என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும்.

2. எடை

கிராமில் குறித்துக்கொண்டு 8-ஆலும் 11.66-ஆலும் வகுத்துப் பாருங்கள். 8 சவரன் கணக்கு, 11.66 தோலா கணக்கு. 34.9 கிராம் என்றால் ஏறக்குறைய 3 தோலா. தோலாவில் கணக்கு எழுதிய காலத்து நகையாக இருக்கலாம். கல், அரக்கு, தேய்மானம் எல்லாம் எடையில் கலந்திருப்பதால் இதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள்.

3. காசுமாலையாக இருந்தால்

சவரன் காசு கோத்ததென்றால் உங்கள் அதிர்ஷ்டம், ஆண்டு நகையிலேயே அச்சாகியிருக்கும். அசல் சவரன் காசு 22.05 மி.மீ. விட்டம், 7.99 கிராம், 22 காரட். விக்டோரியா ராணியின் இளம் முகம் 1887 வரை, சிறு கிரீடம் வைத்த முகம் 1887 முதல் 1893 வரை, முக்காடிட்ட முதிய முகம் 1893 முதல் 1901 வரை. அதன்பின் ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ். குதிரைவீரன் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் சிறிய ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள்: எம் என்றால் மெல்பர்ன், எஸ் சிட்னி, பி பெர்த். ஐ என்றால் பம்பாய். அங்கே சவரன் அடித்தது 1918-இல் மட்டும்தான்.

மாலையிலேயே புதிய காசு எதுவோ, அதற்கு முன்னால் அந்த மாலை இன்றைய உருவில் இருந்திருக்க முடியாது. ஆனால் கடைசியாக ஒரே ஒரு காசு மட்டும் பிந்தைய ஆண்டாக இருந்து, அதன் வளையமும் பற்றவைப்பும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், அது தொலைந்த காசுக்குப் பதிலாகப் பிறகு சேர்த்தது.

லட்சுமி உருவம் அடித்த மெல்லிய காசுகளில் ஆண்டு கிடைக்காது. அவற்றில் பட்டறையைத் தேடலாம்.

4. அச்சின் தழும்பு

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். காசு, இலை, அன்னம், பூ எல்லாம் அச்சில் தகட்டை வைத்து அடித்து எடுப்பவை. அச்சில் ஒரு கீறலோ பொத்தலோ இருந்தால், அதில் அடித்த ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அது வரும். லூப்பில் பத்துக் காசுகளை வரிசையாகப் பார்த்து, மாறாமல் வரும் குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே குறை சித்தி வீட்டு ஒட்டியாணத்தின் லட்சுமியிலும் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அச்சின் விரிசல் தானாக மூடாது, வளரத்தான் செய்யும். ஆகவே விரிசல் சிறிதாக உள்ள நகை முந்தியது, பெரிதாக உள்ளது பிந்தியது.

ஒரு எச்சரிக்கை. அச்சுகள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். பங்காளிக்கு இரவலாகவும் போகும். பட்டறை மூடும்போது விலைக்கும் போகும். ஒரே அச்சு என்பதால் ஒரே கை என்று ஆகிவிடாது. அதனால் பின்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: அரம் ஓடிய திசை, கம்பி முறுக்கின் நெருக்கம், பற்றவைத்த பொடி வழிந்த விதம். இவை கைப்பழக்கம், இரவல் கொடுக்க முடியாதவை.

5. திருகாணியும் ஒட்டும் கல்லும்

கையால் வெட்டிய மரை ஒரே சீராக இருக்காது. வலது தோட்டின் ஆணி இடது தோட்டின் சுரையில் (ஆணி திருகி ஏறும் குழலில்) ஏறாமல் முரண்டு பிடித்தால் அது கைவேலை என்பதற்கு நல்ல அடையாளம். வற்புறுத்தித் திருகினால் மரை போய்விடும், கவனம். நகையிலேயே அடிக்கடி மாற்றப்படுவதும் திருகாணிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

தங்கத்தின் சுத்தத்தை அளக்கும் காரட் மீட்டர் உள்ள இடத்தில் நகையின் உடலில் ஒன்று, பற்றவைத்த ஒட்டில் ஒன்று என்று இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டில் காட்மியம் காட்டினால் அது கே.டி.எம். பற்றவைப்பு, அந்த ஒட்டாவது பழங்காலத்தது இல்லை. அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும், முலாம் இருந்தால் ஏமாறும்.

சிவப்புக் கல்லுக்குள் இசைத்தட்டு வரிபோல் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது உலையில் செய்த கெம்பு. 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது பரவலாகச் சந்தைக்கு வரவில்லை. இங்கேயும் கல் மாற்றப்பட்டிருக்கலாம்.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் இருந்தால் நகை 2000-க்குப் பிந்தியது, அல்லது பிறகு முத்திரை வாங்கியது. ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து–எண் கொண்ட அடையாளக் குறி, எச்.யு.ஐ.டி., வந்தது 2021-இல்.

6. காகிதங்கள்

பில், அடகு ரசீது, சீர்வரிசைப் பட்டியல், பாகப்பிரிவினைப் பத்திரம். அடகு ரசீதை அலட்சியப்படுத்தாதீர்கள். நகையின் பெயரும் எடையும் தேதியும் ஒரே சீட்டில் கிடைப்பது அதில்தான். தேதி கிழிந்த பில்லையும் படிக்கலாம். ரூபாய்–அணா என்றால் பொதுவாக 1957 ஏப்ரலுக்கு முன். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969-இல். ஆறு இலக்கப் பின்கோடு 1972-க்குப் பின். முகவரியில் சைனா பஜார் என்று இருந்தால் இன்று என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் தேடுங்கள். 14 காரட் என்று எழுதிய பில் கிடைத்தால் வியப்படைய வேண்டாம்: 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு அதற்கு மேல் சுத்தமான புது நகை செய்வதைத் தடுத்தது, 1966-இல் அந்தத் தடை தளர்ந்தது. 1968 சட்டப்படி பொற்கொல்லர்கள் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், 1990-இல் அந்தச் சட்டமே போயிற்று. இடைப்பட்ட காலத்துச் சீட்டில் சான்றிதழ் எண் இருந்தால் அது கடையைத் தாண்டிப் பத்தரிடமே கொண்டுபோகும்.

7. விசாரணை

வீட்டுப் பெரியவர்களிடம் “இதை யார் செய்தது?” என்றால் “தெரியாதுப்பா” என்றுதான் வரும். “உங்களுக்குக் காது குத்தியது யார்? தாலிக்குப் பொன் உருக்கியது யார்?” என்று கேளுங்கள். பெயர் வரும், தெருவும் வரும். பிறகு நகையை வீட்டில் வைத்துவிட்டு, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கள். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியோ நாகர்கோவில் வடசேரியோ, வயதான பத்தர் ஒருவரிடம் முதலில் பின்பக்கப் படத்தைக் காட்டி, “இது யார் கை வேலைங்க ஐயா?” என்று மட்டும் கேளுங்கள். உங்கள் ஊகத்தை முந்திச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். ஒருவரை ஒருவர் கேட்காத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதலாம்.

எங்கே தவறுகிறது?

“கொள்ளுப்பாட்டி நகை” என்ற சொல்லில். நம் வீடுகளில் நகையை அழித்துச் செய்வது வழக்கம். தங்கம் கொள்ளுப்பாட்டியுடையதாகவும், நகை 1975-இல் செய்ததாகவும் இருக்கும், இரண்டும் பொய்யில்லை. பழைய கல்யாணப் படத்தில் அதே நகை தெரிகிறதா என்று கண்ணிகளை எண்ணிச் சரிபாருங்கள். பதக்கம் ஒரு காலம், சரம் வேறு காலம், கொக்கி போன தீபாவளிக்கு மாற்றியது என்று வந்தால், மூன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்.