மாநாட்டுக்கு விரிவுச் சுருக்கம்: எழுதுவதும் சேதாரமில்லாமல் அனுப்புவதும்

எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட் என்பதை விரிவுச் சுருக்கம் என்று தமிழில் சொன்னால் பெயரிலேயே முட்டிக்கொள்கிறது. ஆனால் பொருத்தமான பெயர்தான். 250 சொல்லில் முடியும் சாதாரணச் சுருக்கத்தைவிடப் பெரியது, முழுக் கட்டுரையைவிடச் சிறியது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பக்கம் கேட்பார்கள். படம், அட்டவணை, மேற்கோள் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

ஆய்வேடு முழுவதையும் அதில் திணிக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. இரண்டு பக்கம் ஒரு முடிவைத்தான் தாங்கும். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடினத்தன்மையும் நைட்ரேட்டும் கூடவே அளந்திருப்பீர்கள். உழைப்பு வீணாகிறதே என்று அவற்றையும் சேர்த்தால், எது முக்கியம் என்று மதிப்பீட்டாளருக்குப் பிடிபடாது. விட்டுவிடுங்கள், முழுக் கட்டுரைக்கு ஆகும்.

முதலில் அந்த ஒரு முடிவைக் காட்டும் படத்தைச் செய்யுங்கள். அதைச் சுற்றி எழுதுங்கள். 1000 சொல் வரம்பு என்றால் அறிமுகத்துக்கு 150, செய்முறைக்கு 250, முடிவுகளுக்கு 400 முதல் 450, கடைசிப் பத்திக்கு 100 என்று ஒதுக்கலாம். மேற்கோள் ஐந்திலிருந்து எட்டு போதும். அறிமுகத்தை 'நீர் உயிருக்கு ஆதாரம்' என்று தொடங்கினால் பதினைந்து சொல் போச்சு.

எல்லைப் பகுதி ஆய்வுகளில் தலைப்பும் செய்முறையும் கூடுதல் கவனம் கேட்கும். பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரச் சித்தூரும் நமக்கு ஒரே பெயர். ஆங்கிலத்தில் ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். ஒன்று வட அட்சரேகை 10.7 டிகிரி அருகே, மற்றது 13.2 டிகிரி அருகே. மாவட்டம், மாநிலம், ஆயத்தொலைவு மூன்றையும் கொடுங்கள். 'பருவமழைக்குப் பின்' என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. கேரளத்துக்காரர் அதை இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முடிந்த அக்டோபர் என்று படிப்பார். தமிழ்நாட்டுக்காரர் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த ஜனவரி என்று படிப்பார். மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிட்டால் வம்பில்லை. மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில் எடுத்தீர்களா, அளந்த கருவி அயனித் தேர்வு மின்முனையா நிறமானியா, ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை முறை அளந்தீர்கள் என்பதும் செய்முறையில் இருக்க வேண்டும். ஃபுளோரைடு தெரிந்தவர் முதலில் தேடுவது இதைத்தான்.

'ஃபுளோரைடு அதிகமாகக் காணப்பட்டது' என்ற வரிக்கு மதிப்பே இல்லை. எதைவிட அதிகம்? ஐஎஸ் 10500:2012 என்ற இந்தியத் தரத்தின்படி குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மி.கி. வரை அனுமதி. எத்தனை கிணறு அளந்து, எத்தனையில் எந்த வரம்பு தாண்டியது என்று எழுதுங்கள். சராசரிக்குப் பக்கத்தில் ± போட்டால் அது திட்டவிலக்கமா (அளவுகளின் சிதறல்) திட்டப்பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று சொல்லியாக வேண்டும். கருவி இரண்டு தசம இடம்தான் நம்பகமாகக் காட்டும் என்றால், எக்செல் கொடுத்த ஆறு இடத்தை அப்படியே ஒட்டாதீர்கள்.

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் சுருக்கும்போதுதான். 16 செ.மீ. அகலத்தில் 10 புள்ளி எழுத்தோடு வரைந்ததை இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தில் ஒரு பத்தியின் 8 செ.மீ. அகலத்துக்குள் இழுத்து ஒடுக்கினால் எழுத்து 5 புள்ளியாகிவிடும். யாராலும் படிக்க முடியாது. ஆரம்பத்திலேயே 8 செ.மீ. அகலத்தில் வரையுங்கள், எழுத்து 8 புள்ளிக்குக் குறையாமல். புகைப்படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டுமென்றால் அந்த அகலத்துக்குச் சுமார் 945 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை வைக்காதீர்கள், அது வழியிலேயே நசுங்கி வந்திருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து வேறுபடுத்தாமல், குறியின் வடிவத்தையும் மாற்றுங்கள்.

மாநாடு கொடுத்த டெம்ப்ளேட்டில் விளிம்பை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்க வேண்டாம், உடனே தெரிந்துவிடும். ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய கோப்பின் வடிவமைப்பும் ஒட்டிக்கொண்டு வரும். வேர்டில் ஒட்டிய படம் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிகிறதா? அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும். 'சிங்கிள்' ஆக்கினால் முழுப் படமும் வந்துவிடும்.

இணையப் படிவத்தில் ஒட்டும் இடம்தான் இருப்பதிலேயே மோசம். மேலெழுத்து உதிர்ந்து 10⁵ என்பது 105 ஆகும். சிம்பல் என்ற பழைய எழுத்துருவில் மைக்ரோவைக் குறிக்கும் மியூ குறி ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு உதிர்ந்தால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், இல்லையென்றால் வெறும் கட்டம் நிற்கும். ஆயிரம் மடங்குப் பிழை, ஆனால் பிழைதிருத்தி கண்டுபிடிக்காது. ஒட்டிய பிறகு எண்களையும் அலகுகளையும் மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

அனுப்புவது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். வேர்டு கோப்பை வேறு கணினியில் திறந்தால் எழுத்துரு மாறி, இரண்டு பக்கம் இரண்டரையாகும். அக்ரோபேட்டில் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஃபாண்ட்ஸ்' பகுதியில் ஒவ்வொன்றுக்கும் 'எம்பெடட்' (கோப்புக்குள்ளேயே பதிந்தது) என்று இருக்கிறதா பாருங்கள். பைத்தானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைந்த படங்கள் இயல்பாக டைப் 3 எழுத்துருவில் வரும்; சில மாநாட்டுத் தளங்கள் அதைத் திருப்பி அனுப்பும். பிடிஎஃப் எழுத்துரு அமைப்பை (pdf.fonttype) 42 என்று மாற்றி மறுபடி வரைந்தால் தீர்ந்தது. பெயர் மறைத்த மதிப்பீடு என்றால், பிடிஎஃப் ஆக்கும் முன் வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டிக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் உங்கள் பெயரையும் நீக்குங்கள்.

கடைசி நாளை 'எனிவேர் ஆன் எர்த்' (உலகில் எங்காவது அந்த நாள் மிச்சமிருக்கும்வரை) கணக்கில் அறிவித்திருந்தால், அந்த இரவு 11:59 என்பது நமக்கு மறுநாள் மாலை 5:29. அதை நம்பி உட்காராதீர்கள். முந்தின நாளே ஏற்றிவிட்டு, தளத்திலிருந்து கோப்பை மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள்.