பல்கலைக்கழக டிஜிட்டல் களஞ்சிய சர்வர்: பிழைச்செய்தி காட்டாத தவறுகள்தான் ஆபத்தானவை

ஆய்வேடுகள், கட்டுரைகள், பழைய இதழ்கள் எல்லாம் சேரும் டிஜிட்டல் களஞ்சியத்தை இன்னொரு இணையதளம் என்று நினைத்தே பல பல்கலைக்கழகங்கள் சர்வரில் ஏற்றுகின்றன. முகப்புப் பக்கம் திறந்தது, ஒரு கோப்பு ஏறியது, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் களஞ்சியத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இன்று ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முகவரியை மேற்கோளாகக் கொடுத்தால், இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த முகவரி அதே ஆய்வேட்டைத் திறக்க வேண்டும்.

அதனால் அமைவுத் தவறுகளை நான் இரண்டாகப் பிரித்தே பார்க்கிறேன். சில தவறுகள் உடனே சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி காட்டும். ஒரு வரியைத் திருத்தி சர்வரை மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். வேறு சில எந்தச் செய்தியும் காட்டாமல் பல ஆண்டுகள் ஓடும். தெரியவரும்போது திருத்த வழி இருக்காது. நேரத்தை எங்கே அதிகம் செலவிட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

பரவலாகப் பயன்படும் டிஸ்பேஸ் மென்பொருளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனத்தின் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கி 2002இல் வெளியிட்டது இது. 2021இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இது இரண்டு பாகங்களாக இயங்குகிறது. தரவுகளைக் கையாளும், ஜாவாவில் ஓடும் பின்தளம் ஒன்று; வாசகர் பார்க்கும் பக்கங்களைத் தரும், நோட்.ஜேஎஸ் மீது ஓடும் ஆங்குலர் முகப்பு இன்னொன்று. இவற்றோடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடல் சேவை, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற இணைய சர்வர் ஆகியவையும் சேர்ந்தால்தான் முழு அமைப்பு.

123456789 என்ற எண்

டிஸ்பேஸில் ஏறும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஹேண்டில் எனப்படும் நிலையான அடையாளம் கிடைக்கும். அதில் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் முன்னொட்டு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து பெற வேண்டியது. பெறாவிட்டாலும் மென்பொருள் நின்றுவிடாது. 123456789 என்ற மாதிரி எண்ணை வைத்துக்கொண்டு 123456789/57, 123456789/58 என்று தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போகும். எச்சரிக்கை எதுவும் வராது. உலகெங்கும் எத்தனையோ களஞ்சியங்கள் இதே எண்ணோடு நிற்கின்றன. ஆகவே அந்த அடையாளம் யாரையும் அடையாளம் காட்டுவதில்லை; உலகப் பொது ஹேண்டில் சேவையில் தேடினால் உங்கள் ஆவணம் திறக்காது.

முதல் ஆவணம் ஏறுவதற்கு முன்பே முன்னொட்டைப் பதிவு செய்து டிஸ்பேஸின் அமைவுக் கோப்பான லோக்கல்.சிஎஃப்ஜியில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டதா? முன்னொட்டை மாற்றுவதற்கென்றே டிஸ்பேஸில் ஒரு கட்டளை இருக்கிறது. அது தரவுத்தளத்துக்குள் மாற்றும். அச்சான ஆய்வேட்டிலும் பிறருடைய மேற்கோள் பட்டியலிலும் இருப்பதை மாற்றாது. அந்தப் பழைய இணைப்புகளில் உங்கள் தள முகவரி வழியாக வருபவற்றை மட்டும் காப்பாற்றலாம். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் மாறுவதில்லை என்பதால், பழைய முன்னொட்டோடு வரும் கோரிக்கைகளைப் புதிய முன்னொட்டுக்குத் திருப்பிவிடும் ஒரு விதியை என்ஜின்எக்ஸில் எழுதினால் போதும்.

ஹேண்டில் சர்வர் தனியாக ஓடும் ஒரு நிரல் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பின்தளத்தை இயக்கும் டாம்கேட்டைத் தொடங்கினால் ஹேண்டில் சர்வர் தானாகத் தொடங்காது. மின்தடைக்குப் பிறகு இயந்திரம் எழும், தளம் திறக்கும், ஹேண்டில் மட்டும் செத்துக் கிடக்கும். வெளியுலகோடு அது பேசும் வாயிலான 2641 போர்ட்டை வளாகத் தீச்சுவர் அடைத்திருந்தாலும் இதே கதிதான். வளாகத்துக்கு வெளியே இருக்கும் வலையமைப்பிலிருந்து சோதித்தால்தான் இது தெரியும்.

காப்பு நகலில் விட்டுப்போவது

தரவுத்தளத்தை மட்டும் நகல் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டிஸ்பேஸ் கோப்புகளைத் தரவுத்தளத்தில் வைப்பதில்லை. அசெட்ஸ்டோர் என்ற கோப்புறையில் வைக்கிறது. அதைத் திறந்து பாருங்கள்: இரண்டிரண்டு இலக்கப் பெயர் கொண்ட கோப்புறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு, அதற்குள் நீண்ட எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். தலைப்பு இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, பிடிஎஃப் என்ற பின்னொட்டுகூட இல்லை. எந்த எண் எந்த ஆய்வேடு என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். ஒன்று போனால் மற்றது தலைப்பில்லாத கோப்புக் குவியல், அல்லது கோப்பில்லாத தலைப்புப் பட்டியல்.

இரண்டையும் எடுப்பவர்களும் வரிசையைக் கவனிப்பதில்லை. தரவுத்தளத்தை முதலில் எடுங்கள், அசெட்ஸ்டோரைப் பிறகு எடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் புதிதாக ஒரு கோப்பு ஏறினால், நகலில் உபரியாக ஒரு கோப்பு இருக்கும், அதனால் கேடில்லை. வரிசையை மாற்றினால், தரவுத்தளத்தில் பதிவு இருக்கும், கோப்பு இருக்காது. நீக்கப்பட்ட கோப்புகளை வட்டிலிருந்து உண்மையாகவே அழிக்கும் கிளீனப் கட்டளை இந்த இரண்டுக்கும் நடுவே ஓடாதபடியும் நேரம் குறியுங்கள்.

அடுத்தது சோலர். தேடல் அட்டவணை அழிந்தால் ஒரு கட்டளையில் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. அதை நம்பி, பதிப்பு மாற்றும்போது சோலரின் தரவுக் கோப்புறையை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். பார்வை, பதிவிறக்கப் புள்ளிவிவரங்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு மூலம் கிடையாது. பத்தாண்டுப் பதிவிறக்கக் கணக்கு ஒரு நொடியில் போய்விடும். புள்ளிவிவரங்களை ஏற்றுமதி செய்யும் கட்டளை டிஸ்பேஸிலேயே இருக்கிறது. அதைக் காப்பு நகல் வேலையில் சேர்த்துவிடுங்கள். ஹேண்டில் சர்வரின் சாவிக் கோப்புகளையும் சேருங்கள்.

கோப்பு சத்தமில்லாமல் சிதைவதும் உண்டு. ஒவ்வொரு கோப்பும் ஏறும்போதே அதன் எம்டி5 சரிபார்ப்பு எண் பதிவாகிறது. ஆனால் அதைத் திரும்பச் சரிபார்க்கும் செக்கர் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால், சிதைந்த கோப்பையே வாரந்தோறும் நல்ல நகலின் மேல் எழுதிக்கொண்டிருக்கலாம். வேறொரு இயந்திரத்தில் முழுவதையும் மீட்டு, நான்கு ஆய்வேடுகளைத் திறந்து பார்க்காதவரை அதைக் காப்பு நகல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாசலில் நிற்பவர் யார் என்று தெரியாத சர்வர்

சில ஆவணங்களை வளாகத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் படிக்கலாம் என்று ஐபி முகவரி வரம்பு வைத்துக் கட்டுப்படுத்துவது வழக்கம். முன்னால் என்ஜின்எக்ஸ் வேறொரு இயந்திரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வாசகரின் உண்மையான ஐபி முகவரியை அது கோரிக்கையோடு செல்லும் தலைப்பு வரியில் அனுப்பாவிட்டாலோ, அந்த இயந்திரத்தை நம்பலாம் என்று டிஸ்பேஸில் குறிக்காவிட்டாலோ, எல்லாக் கோரிக்கையும் அந்த ஒரு முகவரியிலிருந்து வருவதாகவே பின்தளம் எண்ணும். அந்த முகவரியோ வளாகத்தினுடையது. விளைவு: உலகத்தில் யார் வந்தாலும் வளாகத்தவர் ஆகிவிடுகிறார். தடை வைத்த ஆய்வேடு வெளியே போய்விடும். போனதைத் திரும்ப வாங்க முடியாது. கைபேசித் தரவில் ஒருமுறை தடையுள்ள கோப்பைத் திறக்க முயன்று பாருங்கள்.

சோலரின் 8983 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைப்பதும் இதே வகைத் தவறு. இயல்பாக அதற்குக் கடவுச்சொல் இல்லை. அட்டவணையை அழிக்கும் கட்டளையை ஒரு இணைய முகவரியாக அனுப்பியே யாரும் வேலையை முடித்துவிடலாம். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பதிவெழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேயில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது சோலரின் பல பதிப்புகளும் அதில் சிக்கின. பின்தளத்துக்கும் முகப்புக்கும் நேரடியாக 8080, 4000 போர்ட்டுகளில் வர யாருக்கும் தேவையில்லை. வெளியே தெரிய வேண்டியவை 80, 443, ஹேண்டிலின் போர்ட்டுகள் மட்டும்.

சத்தம் போடும் தவறுகள்

இவை எரிச்சலூட்டும், ஆனால் திருத்தலாம். முகப்பு திறக்கிறது, உள்நுழைய முடியவில்லை என்றால், முகவரிகளைப் பாருங்கள். பின்தளத்தின் லோக்கல்.சிஎஃப்ஜியில் உள்ள சர்வர் முகவரியும் முகப்பின் அமைவுக் கோப்பில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்றில் எச்டிடிபி, மற்றதில் எச்டிடிபிஎஸ் என்றிருந்தால்கூடப் போதும், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கி நிற்காது.

இன்னொன்று பலரைச் சுற்றலில் விடுவது: உலாவியில் பூட்டுச் சின்னம் சரியாக இருக்கும், நோட்.ஜேஎஸ் மட்டும் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லும். தளத்தின் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். உலாவிகள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், நோட் எடுக்காது. முழுச் சங்கிலி உள்ள கோப்பை என்ஜின்எக்ஸுக்குக் கொடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடும் வழி இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும், அதைத் தொடாதீர்கள். முகப்பு தன் சொந்தப் பின்தளத்தைப் பொதுப் பெயரில் கூப்பிடுகிறது என்பதால், சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து அந்த முகவரியை கர்ல் கட்டளையால் அழைத்துப் பார்த்தால் பாதிச் சிக்கல்கள் அங்கேயே வெளிப்படும்.

பெரிய கோப்பு ஏறாமல் 413 பிழை வந்தால், என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி என்பதை நினைவில் கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு தொகுப்பிலிருந்து டாம்கேட் 9ஐ நிறுவியிருந்தால், கோப்புறை உரிமை சரியாக இருந்தும் எழுத முடியாமல் போகலாம். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி அதை வேலிக்குள் வைத்திருக்கிறது. எழுதக்கூடிய பாதையாக டிஸ்பேஸ் கோப்புறையைச் சேவை அமைவில் தனியாகச் சேர்க்க வேண்டும். கிரான் கட்டளைகளை, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓட்டாதீர்கள். பதிவுக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகி, மறுநாள் டாம்கேட் திணறும்.

நினைவகத்தில் கஞ்சத்தனம் பலிக்காது. சோலரின் இயல்பு ஒதுக்கீடு 512 எம்பி. வளர்ந்த களஞ்சியத்துக்கு அது போதாது. சுமை கூடும்போது சிலர் முகப்பை சர்வரிலேயே வரைந்து அனுப்பும் வசதியை அணைக்கப் பார்க்கிறார்கள். அணைத்தால் கூகுள் ஸ்காலர் உங்கள் ஆய்வேடுகளைப் படிக்க முடியாது, ஏனெனில் அதற்குத் தேவையான மேற்கோள் குறிச்சொற்கள் அப்படி வரைந்து அனுப்பும் பக்கத்தில்தான் வருகின்றன. சுமையைக் குறைக்க, தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தேடல் பக்கங்களை மட்டும் தடுங்கள். சோதனை சர்வரில் எல்லாவற்றையும் தடுத்து எழுதிய அதே கோப்பு நிஜ சர்வருக்கு வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால் களஞ்சியம் தேடுபொறிகளிலிருந்து மெல்ல மறையும், ஒரு பிழைச்செய்தியும் வராது.

மாற்றங்கள் எல்லாவற்றையும் லோக்கல்.சிஎஃப்ஜியில் மட்டும் எழுதுங்கள், அதுவும் மூலக் கோப்புறையில் இருக்கும் பிரதியில். நிறுவப்பட்ட கோப்புறையில் நேரடியாகத் திருத்தியது நிறுவலைப் புதுப்பிக்கும் ஆன்ட் அப்டேட் கட்டளையை அடுத்து ஓட்டும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடவுச்சொற்களை நீக்கிய ஒரு பிரதியை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்தால், உங்களுக்குப் பின் அந்த சர்வரைப் பார்க்க வருபவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.