பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

செகண்ட் ஹேண்டில் முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" படமெடுக்கும்போது திறந்து மூடும் திரைதான் ஷட்டர், அது இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கு இது. கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சையைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, தினமும் உழைத்துத் தேய்ந்த கேமராவைவிட இரண்டு வருடமாக பீரோவுக்குள் சும்மா கிடந்த கேமராவைக் கண்டால்தான் எனக்குப் பயம். அதனால் எண்ணைக் கடைசியில் பார்ப்போம்.

கிளம்பும் முன்

ஒரு சின்ன டார்ச், உங்களுடைய மெமரி கார்டு (அந்த மாடலுக்கு எஸ்.டி.யா சி.எஃப்.பா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்), ஊதி தூசி தட்டும் ரப்பர் புளோயர், முடிந்தால் லேப்டாப். பகலில் போங்கள். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து வைக்கச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்பவரிடம் போகவே வேண்டாம், இந்த வேலைக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

பாடி

கையில் வாங்கியதும் ஆன் செய்யாதீர்கள். மேலே ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பாருங்கள். கறுப்புப் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிந்தால், அது நிறைய கல்யாண மண்டபம் பார்த்த கேமரா. அது குற்றம் இல்லை. ஆனால் விற்பவர் "வீட்டுல குழந்தைங்களை மட்டும்தான் எடுத்தேன்" என்று சொல்கிறார், ஹாட் ஷூவோ தேய்ந்திருக்கிறது, அடியில் ட்ரைபாட் மாட்டும் துளையைச் சுற்றிலும் கீறல் என்றால் கதை ஒட்டவில்லை, அப்படிப்பட்டவர் சொல்லும் மற்ற எதையும் நம்ப முடியாது.

பிடிமான ரப்பர் உப்பியிருந்தால் ஒட்டிவிடலாம், செலவு கொஞ்சம்தான். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். செப்புத் தகடுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. அதோடு விட்டுவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

லென்ஸ்

அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். என் மாமா தன் 50 எம்.எம். லென்ஸைத் தோல் பையில் போட்டு, பீரோ மேல்தட்டில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். வெளியே ஒரு கீறல் கிடையாது. நான் வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வேர் மாதிரி கிளைகிளையாகப் படர்ந்திருந்தது. கடைக்காரர்கள் பங்கஸ் என்று சொல்வது இதைத்தான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருட்டும் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

நீங்கள் செய்ய வேண்டியது: லென்ஸைக் கழற்றி இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றே சாய்த்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அப்புறம் திருப்பி இதையே செய்யுங்கள். நிக்கான் ஜி வகை லென்ஸ்களில் கழற்றியதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே இருக்கும் இதழ்கள் மூடிக்கொள்ளும், பின்னால் இருக்கும் குட்டி நெம்புகோலை விரலால் மெல்லத் தள்ளினால் திறக்கும். விட்டதும் சட்டென்று மூட வேண்டும், மெதுவாக நகர்ந்தால் இதழில் எண்ணெய் படிந்திருக்கலாம். அங்கங்கே நான்கைந்து தூசிப் புள்ளிகள் எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. மொத்தக் கண்ணாடியும் பனி மூடியதுபோல் இருந்தால் அதுவும் வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப்போகும். துடைத்துக் கொடுக்கிறேன் என்பார்கள். பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும்.

சென்சார்

பாடிக்குள் படம் பதிவாகும் தகடுதான் சென்சார். லென்ஸை மாட்டி, ஏ மோடில் (கேனானில் ஏ.வி.) எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100 வையுங்கள். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, வேண்டுமென்றே மங்கலாக்கி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். கை ஆடினாலும் பரவாயில்லை. படத்தைப் பெரிதாக்கி மூலைமூலையாக நகர்த்திப் பாருங்கள். மங்கலான கறுப்புப் புள்ளிகள் தூசி, புளோயரால் ஊதிவிட்டு மறுபடி எடுத்தால் பாதி போய்விடும். ஊதியும் அசையாத புள்ளி ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்லது எண்ணெய். 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பேர்போனது, பின்னால் நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. மெல்லிய கோடு ஒன்று ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் கீறல். அது போகாது.

இப்போது ஷட்டர்

தயாரிப்பாளர்கள் ஷட்டரை இத்தனை தடவை அடித்துச் சோதித்தோம் என்று ஓர் எண் சொல்வார்கள். கேனான் 80டி-க்கு 1,00,000, நிக்கான் டி750-க்கு 1,50,000, டி5-க்கு 4,00,000. அது காலாவதித் தேதி இல்லை. அதைத் தாண்டியும் ஓடும், முன்பே நிற்பதும் உண்டு. நிக்கானில் இந்த எண் படத்தின் கோப்புக்குள்ளேயே இருக்கும். உங்கள் கார்டில் ஒரு ஜேபெக் எடுத்து நேராக லேப்டாப்பில் போட்டு எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் அழிந்துவிடும் என்பதால், கார்டிலிருந்து நேராக எடுத்ததைத்தான் பார்க்க வேண்டும். கேனானில் பெரும்பாலான மாடல்கள் படத்தில் இதை எழுதுவதில்லை, கேபிள் போட்டு மென்பொருள் வழியாகத்தான் பார்க்க முடியும். கோப்பின் பெயரில் இருக்கும் எண்ணைக் காட்டி "2,300 படம்தான் எடுத்திருக்கு" என்றால் ஏமாறாதீர்கள், 9999-க்குப் பிறகு அது 0001-இல் இருந்து தொடங்கும். வீடியோ எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் ஷட்டர் கவுண்ட்டில் வராது.

எண் என்னவானாலும் இதைச் செய்துவிடுங்கள்: எம் மோடில் 1/4000 வேகம் வைத்து, வெளிச்சமான வானத்தைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எதிலாவது ஒரு ஓரம் மட்டும் இருண்ட பட்டையாக வந்தால் ஷட்டர் திரை தளர்ந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் சரி என்றால் பில்லை வாங்கி, அதிலிருக்கும் சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பில் இல்லை என்றால், விற்பவரின் அடையாள அட்டை நகலில் அந்த சீரியல் நம்பரை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். கையெழுத்துக்குத் தயங்கினால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.