வெயிலைப் பாராமல் பலூன் வாங்காதீர்கள்: வீட்டு விழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிறந்தநாள், குடிபுகுதல், சாமத்திய வீடு ஆகியவற்றை மண்டபம் எடுக்காமல் வீட்டிலேயே குறைந்த செலவில் அழகாக நடத்திக் கொடுக்கும் இளையவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். இது மிகவும் நல்ல மாற்றம். ஆனால் கைபேசியில் பார்த்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வாங்கிய பொருட்களுடன் நண்பகலில் வந்திறங்கி வேலையைத் தொடங்கும் அவர்களைப் பார்க்கும்போது, இந்தத் தொழிலுக்கு முன்னரே வந்த நாங்கள் செய்த பிழைகளே திரும்பவும் நடக்கின்றன என்பது தெரிகிறது. வருமானத்துக்கு மிஞ்சிச் செலவழிக்க வேண்டாம், வருவோரை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள் என்பவை யாரும் சொல்லாமலே தெரிந்தவை. ஆகையால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வெயிலையும் காற்றையும் பாராமல் சோடனையை முடிவுசெய்வது

மற்றப் பிழைகளால் வீணாவது சில நூறு ரூபாய். இந்தப் பிழையால் விழாவே வீணாகிவிடும். பெரும்பாலானோர் முதலில் நிறத்தைத் தெரிவுசெய்கிறார்கள், அடுத்துப் பொருளை வாங்குகிறார்கள், கடைசியாகத்தான் அதை எந்தச் சுவரில் கட்டலாம் என்று தேடுகிறார்கள். வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு இதற்கு நேர்மாறானது.

ஓர் ஆடி மாதத்தில், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தில் உறவுக்காரக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். தாய் தையல் வேலை செய்பவர். சீட்டெடுத்த காசின் பெரும்பகுதியைச் சோடனைக்காரரிடம் கொடுத்திருந்தார். அவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கே வந்து, மேற்குப் பார்த்த தகர விறாந்தையில் கருநீலமும் பொன்னிறமுமான பலூன்களால் பெரியதொரு வளைவைக் கட்டி, அதன் நடுவே மினுங்கும் பலகையொன்றை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு விறாந்தைக்குள் வெயில் சாய்ந்தது. மூன்று மணிக்குக் கருநீலப் பலூன்கள் பளபளப்பை இழந்து, சாம்பல் பூசியதுபோல மங்கிப்போயின. அதன் பிறகு அவை ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. ஒவ்வொரு வெடிக்கும் குழந்தை திடுக்கிட்டு அழுதது. மினுங்கும் பலகையைச் சோழகக் காற்று இரண்டு தடவை குப்புறத் தள்ளியதால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஒரு தம்பியை விட வேண்டியிருந்தது. கேக்கின் பட்டர் ஐசிங் ஒரு பக்கமாக வழுகி இறங்கியது. வந்தவர்கள் எல்லோரும் வீட்டின் கிழக்குப் பக்கத்து மாமர நிழலில் போய் நின்றார்கள். அங்கே ஒரு கதிரைகூடப் போடப்பட்டிருக்கவில்லை.

அன்று நடந்த எதுவும் தற்செயலானது அல்ல. பலூன் இயற்கை இறப்பரால் செய்யப்படுவது. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றும் பட்டவுடன் அதன் மேற்பரப்பு சிதையத் தொடங்குவதாலேயே பளபளப்பு மங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிவடைய, சிதைந்த இறப்பர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கிறது. கறுப்பு, கருநீலம், கடுஞ்சிவப்பு ஆகிய நிறங்கள் வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதால் முதலில் வெடிப்பவை அவையே. பட்டர் உருகுவதற்கு ஏறக்குறைய 32 முதல் 35 பாகை செல்சியஸ் போதும். வன்னியின் கோடைப் பிற்பகலில், தகரத்தின் கீழே, அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது. படங்களும் சரியாக வரவில்லை. சாய்வெயில் நேரே முகத்தில் அடித்ததால் பெரியவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றார்கள்.

இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தவிர்ப்பதற்கு ஒரு சதமும் தேவைப்படாத பிழைக்கு, வசதியில்லாத ஒரு தாய் தன் சேமிப்பைக் கொடுத்தார். விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், கேக் வெட்டப்போகும் அதே மணிக்கு அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்று பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வெளிச்சம் முகத்தில் எப்படிப் படுகிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு, நிழலின் எல்லையை ஒரு தடியால் மண்ணில் கீறிவிட்டு வாருங்கள். பொருள் வாங்குவதை அதன் பிறகு யோசிக்கலாம்.

போன முறை பார்த்த நிழலை இந்த முறையும் நம்பக் கூடாது. ஏப்ரல் நடுப்பகுதியில் வன்னியின் உச்சிக்கு நேர் மேலே வரும் சூரியன், அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நமக்கு வடக்கே நின்றே நகர்கிறது. அதனால் மார்கழியிலும் தையிலும் பகல் முழுவதும் குளிர்ச்சியாக இருந்த வீட்டின் வடபக்கம், ஆனியிலும் ஆடியிலும் வெயில் காயும் பக்கமாகிவிடும். அதே மாதங்களில்தான் சோழகமும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோடை விழாவுக்குப் பெரும்பாலான வளவுகளில் பொருத்தமான இடம் வீட்டின் கிழக்குப் பக்கமே. பிற்பகலில் வீடே நிழலைத் தரும், வீடே காற்றையும் மறிக்கும். அங்கே ஒரு மாமரமோ வேம்போ நின்றால், அதைவிடச் சிறந்த பின்னணியை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, மேற்கு விறாந்தையையோ உள் அறையையோ நாடுவதே நல்லது.

பலூன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிர் நிறங்களாக எடுங்கள், பன்னிரண்டு அங்குலப் பலூனைப் பத்து அங்குலத்துக்கு மேல் ஊதாதீர்கள், விழாவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் நிழலில் கட்டுங்கள்.

வீடு முழுவதையும் சோடிப்பது

கையில் உள்ள காசை வாசல், விறாந்தை, அறை, முற்றம் என்று பிரித்துப் போட்டால் எந்த இடமும் நிறைவாகத் தெரியாது. மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி கொண்டவை. அந்த அளவு வீட்டில் நான்கு இடங்களைச் சோடித்தால், ஆட்கள் நிற்கவும் திரும்பவும் இடமிருக்காது. ஒரு மூலையைத் தெரிவுசெய்து, எல்லாவற்றையும் அதில் போடுங்கள்.

அந்த மூலைக்குத் துணி வாடகைக்கு எடுக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு சேலை ஏறக்குறைய 18 அடி நீளமும் நான்கு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல் அதை நடுவாக மடித்துப் போட்டால் ஒன்பதடி உயரத்துக்கு இரட்டைத் திரை கிடைக்கும். ஒரே நிறச் சாயலுள்ள நான்கு சேலைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு, மொத்த அகலம் எட்டடியாகும்வரை நெருக்கிச் சுருக்கினால், விழும் மடிப்புகள் ஆழமாகவும் செழிப்பாகவும் இருக்கும். துணி உலர்த்தும் கிளிப்பால் பிடியுங்கள், ஊசி குத்தாதீர்கள். கீழ் ஓரத்தில் சிறு கல்லொன்றை மடித்து நூலால் கட்டிவிட்டால் காற்றுக்கு எழும்பாது. அம்மம்மாவின் பழைய கூறைச்சேலை நடுவில் தொங்கினால் அதன் முன்னால் நின்று படமெடுக்காத உறவினர் இருக்க மாட்டார். குத்துவிளக்கை மட்டும் திரையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.

தோரணத்தைத் தலைகீழாகக் கட்டுவது

குருத்தோலைத் தோரணத்தில் ஓலையை மடித்துச் செய்யும் குருவி மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கிய குருவி மரண வீட்டுக்கு உரியது. கட்டி முடித்த பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பொலித்தீனையும் பிளாஸ்டிக் மாலையையும் வாங்குவது

விழாச் சோடனைக்குப் பொலித்தீனைப் பயன்படுத்துவது 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவற்றுடன் பிளாஸ்டிக் பூமாலையும் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மிச்சச் சரக்கை வாங்கிக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தை ஒரு பக்கம் விட்டாலும், வளவில் பறந்து கிடக்கும் அந்தக் குப்பையை மாடு தின்றுவிடும் என்பதையாவது நினைக்க வேண்டும்.

பனையோலைப் பெட்டியும் தட்டுவமும் ஊரில் பின்னுவோரிடம் இருக்கின்றன. பலகாரத்தை அவற்றில் வைத்தால், மேசைக்கு வேறு சோடனை தேவையில்லை, விழா முடிந்த பின்னரும் அவை வீட்டில் பயன்படும். குளத்துத் தாமரை இலையை அன்று காலையிலேயே பறித்துக் கழுவி, ஈரத் துணியால் மூடி வையுங்கள். முதல் நாளே பறித்தால் ஓரம் சுருண்டுவிடும்.

கடைச் சிற்றுண்டியால் மேசையை நிரப்புவது

ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் மூன்றையும் கடையில் சொல்லி எடுத்தால் சாப்பாட்டுச் செலவின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். அதுவும் எல்லா வீட்டிலும் கிடைக்கும் அதே பெட்டி, அதே சுவை. கடையிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள், மிச்சத்தை ஊரிலிருந்து எடுங்கள். சிறிய மண்சட்டிகளில் எருமைத் தயிரும் அதன் மேல் தட்டிய பனங்கட்டியும் வைத்தால், வெளிநாட்டிலிருந்து வந்தவரும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே ஆவலோடு எடுப்பார்கள். கோடையில் பாலைப்பழம் வந்துவிட்டால் ஓர் ஓலைப்பெட்டி நிறைய மஞ்சளாகக் குவித்து வையுங்கள். அதன் பால் உதட்டில் ஒட்டும் என்பதால் பக்கத்திலேயே தண்ணீரும் துணியும் இருக்க வேண்டும். போத்தல் சோடாவுக்குப் பதிலாக விளாம்பழத்தைக் கரைத்துச் சீனியும் சிறிது உப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். விளாம்பழம் கிடைக்காத காலத்தில் தேசிக்காய்த் தண்ணீர் போதும்.

எந்தப் பலகாரத்தையும் முழுவதாக ஒரே தடவையில் மேசையில் கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை வைத்து, குறையக் குறைய நிரப்பிக்கொண்டிருந்தால் கடைசியாக வருபவருக்கும் மேசை புதிதாகத் தெரியும், ஈயும் தூசியும் படுவதும் குறையும்.

ஒலிபெருக்கி

பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

வெளிநாட்டு உறவினருக்காக விழாவை இரவுக்குத் தள்ளுவது

ரொறன்ரோவில் உள்ள மாமாவும் லண்டனில் உள்ள சித்தியும் காணொளியில் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஒன்பது மணிவரை கேக்கை வெட்டாமல் வைத்திருக்கும் வீடுகள் பல. அதற்குள் குழந்தை தூங்கிவிடும், தூரத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்கள், மின்விளக்குக்கென்று புதிதாகச் செலவும் வந்திருக்கும். நம் மாலை ஐந்து மணி என்பது கோடையில் ரொறன்ரோவில் காலை ஏழரை, லண்டனில் நண்பகல் பன்னிரண்டரை. குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் முந்தி வரும், அவ்வளவுதான். உறவினர்கள் விழித்திருக்கும் நேரமே அது. முன்கூட்டியே சொன்னால் மகிழ்ச்சியோடு எழும்பிப் பார்ப்பார்கள்.

நம் பகுதியில் சூரியன் மறைந்த பின்னர் அந்திவெளிச்சம் அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. நாலரைக்குத் தொடங்கி, ஐந்தேகாலுக்குக் கேக் வெட்டினால் அழகான வெளிச்சம் முழுவதும் செலவின்றிக் கிடைக்கும். இருட்டிய பின்னர் தொடர வேண்டுமானால், 6500 கெல்வின் என்று அச்சிட்ட வெள்ளைக் குமிழை அந்த மூலையிலிருந்து கழற்றிவிட்டு, 2700 அல்லது 3000 கெல்வின் கொண்ட மஞ்சள் சாயல் குமிழ்கள் இரண்டைப் பக்கவாட்டில் போடுங்கள். உச்சியில் எரியும் ஒற்றைக் குமிழ் எல்லோருடைய கண்ணுக்குக் கீழேயும் கருநிழலைப் போடும்.

கதிரைகளைக் கூட்டத்துக்குப் போடுவதுபோல் வரிசையாகப் போடுவது

கதிரைகளை ஊர்ச் சனசமூக நிலையத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ குறைந்த வாடகைக்கு எடுக்கலாம், பெரும்பாலானோர் அப்படியே எடுக்கிறார்கள். பிழை அவற்றைப் போடும் முறையில் இருக்கிறது. வரிசையாகப் போட்டால் வந்தவர்கள் பேச்சுக் கேட்க வந்தவர்கள்போல முன்னால் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, சாப்பிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். ஐந்து ஆறாக வட்டம் வட்டமாகப் போட்டு, முதியவர்களின் வட்டத்தை மரத்தடியில் சமையலறைக்குக் கிட்ட வையுங்கள். பிள்ளைகளுக்குக் கதிரையே வேண்டாம். இரண்டு பெரிய பாய்களை விரித்து, பல்லாங்குழிப் பலகையும் சோகிகளும் போட்டுவிட்டால் போதும். வந்தவர்களில் பாட்டி ஒருவர் அங்கே இறங்கி இருந்துவிட்டால் கேக் வெட்டக் கூப்பிடும்வரை பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள்.