ஆபீஸ் லைசென்ஸிலிருந்து சொந்த அக்கவுண்ட்டுக்கு: சைன் அவுட் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சேலத்தில் ஆல்பம் டிசைன் ஆபீஸிலோ, ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கிலோ வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆபீஸ் லைசென்ஸை என் பேருக்கு மாத்திக்க முடியுமா?" என்றுதான். முடியாது. போட்டோஷாப், வேர்ட் போன்ற சாஃப்ட்வேர்களுக்கான அந்த லைசென்ஸ் கம்பெனி காசு கொடுத்து எடுத்தது. நீங்கள் விலகியதும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கேட்க வேண்டியது வேறு: இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த ஷார்ட்கட், ஆக்‌ஷன் (பதிவு செய்து வைத்தால் தானாக ஓடும் கட்டளைத் தொடர்), பிரஷ், டெம்ப்ளேட் எல்லாம் எங்கே இருக்கின்றன? சில கம்ப்யூட்டரிலேயே இருக்கும், சில அக்கவுண்ட்டோடு ஒட்டியிருக்கும், சில கம்பெனி கிளவுடில் கிடக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் சைன் அவுட் பட்டனைத் தட்டுவதுதான் பெரிய தவறு.

போட்டோஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செட்டிங்ஸ் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் உங்களுடையதாக இருந்தால், ஆபீஸ் அக்கவுண்ட்டிலிருந்து வெளியே வந்து சொந்த அக்கவுண்ட்டில் நுழைந்தாலே போதும், ஆக்‌ஷன் எல்லாம் அப்படியே நிற்கும். ஆனால் 'எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம்' என்று அன்இன்ஸ்டால் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங்ஸை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று நடுவில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'நீக்கு' என்று கொடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரும் மாறுகிறது என்றால் ஆக்‌ஷன்களைத் தனி ஃபைலாக எடுத்து வைக்க வேண்டும். பலர் ஆக்‌ஷன் பேனலில் ஒரு ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' மங்கிப்போய்க் கிடக்கிறதே என்று முழிப்பார்கள். தனி ஆக்‌ஷனை அது சேமிக்காது. அது இருக்கும் ஃபோல்டரை, அதாவது செட்டை, தேர்ந்தெடுத்தால்தான் அந்த வரி உயிர் பெறும். இன்னொன்று: போட்டோஷாப் இந்த மாற்றங்களை எழுதி வைப்பது மூடும்போதுதான். காலையில் பதிவு செய்த ஆக்‌ஷன், மத்தியானம் கரண்ட் போய் சிஸ்டம் அணைந்தால் காணாமல் போய்விடும். அதனால் ஒருமுறை ஒழுங்காக மூடித் திறந்துவிட்டு, அப்புறம் காப்பி எடுங்கள். பிரஷ்களையும் கீபோர்ட் ஷார்ட்கட்களையும் தனித்தனியாகச் சேமிப்பது நல்லது.

ஃபான்ட் விஷயத்தில்தான் தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனித் தலைவலி. போட்டோஷாப் கம்பெனியான அடோபியின் ஃபான்ட்ஸ் அக்கவுண்ட்டோடு வருபவை. புது அக்கவுண்ட்டில் மறுபடி ஆக்டிவேட் செய்தால் போதும். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்குப் பயன்படுத்தும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ போட்டவை. அவை இல்லாத கம்ப்யூட்டரில் பழைய டிசைனைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். எந்த ஃபான்ட் என்று அப்போது தேடுவதைவிட, கிளம்புவதற்கு முன்பே முக்கியமான டிசைன்களைத் திறந்து ஃபான்ட் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம்.

அடோபியின் ஆன்லைன் சேமிப்பிடமான கிரியேட்டிவ் கிளவுட் லைப்ரரி கம்ப்யூட்டரில் இருப்பதல்ல. ஆபீஸ் அக்கவுண்ட்டில் சேர்த்த லோகோ, கலர் எல்லாம் கம்பெனியின் இடத்தில் இருக்கின்றன. அக்கவுண்ட் மூடப்பட்ட பிறகு கெஞ்சினாலும் வராது. உள்ளே இருக்கும்போதே உங்களுடையதை எக்ஸ்போர்ட் செய்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய அடி, மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் விழுகிறது. டெஸ்க்டாப்பில் இருக்கிறது, அதனால் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆபீஸ் அக்கவுண்ட் போட்ட பல லேப்டாப்களில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் கம்பெனி பெயர் போட்ட ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். ஃபைல் பக்கத்தில் நீல நிற மேகக் குறி இருந்தால் அது ஆன்லைனில் மட்டுமே இருக்கிறது, உங்களிடம் இருப்பது அதன் பெயர்தான். இணைப்பைத் துண்டித்ததும் அதுவும் மறைந்துவிடும். சொந்த வேலையாக உள்ளவற்றில் ரைட் கிளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்று கொடுத்து, பச்சை டிக் வந்த பிறகு வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள்.

வேர்டில் நீங்கள் சேர்த்த சொற்களும் நார்மல் டெம்ப்ளேட்டும், கிளாசிக் அவுட்லுக்கில் மெயிலின் கீழே வரும் கையெழுத்தும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். அது விண்டோஸ் யூசருக்குச் சொந்தம், லைசென்ஸுக்கு அல்ல. லேப்டாப்பில் லாகின் செய்வதே ஆபீஸ் அக்கவுண்ட்டில்தான் என்றால், புது யூசர் உருவாக்கினதும் எல்லாம் வெறுமையாகத் தெரிவது இதனால்தான். பழைய யூசரின் ஃபோல்டரிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அட்மின் உரிமை உள்ள சொந்த யூசர் ஒன்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆபீஸ் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படியே, டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயையும் எடுத்து வையுங்கள். சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் அக்கவுண்ட்டைச் சேர்த்திருந்தால், அந்தக் கீ கம்பெனி அக்கவுண்ட்டில் மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் அதைக் கேட்டால், யாரிடம் போய் நிற்பீர்கள்?

இரும்பாலைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் டிராயிங் போடுகிறவர்களுக்கு ஆட்டோகேடில் ஒரு வேலை மிச்சம். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் அதன் செட்டிங்ஸை எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் டேபைத் திறந்து பாருங்கள். பிளாட் ஸ்டைல் (பிரிண்டில் கோடு எப்படி வரும் என்று சொல்வது), லிஸ்ப் (கூடுதல் கட்டளைகள் தரும் சின்ன புரோகிராம்) ஃபைல்களின் இடம் ஆபீஸ் சர்வரைக் காட்டினால், வீட்டுக்கு வந்ததும் கோட்டுத் தடிமன் எல்லாம் மாறிப்போயிருக்கும்.

எடுக்கக் கூடாததும் உண்டு. கம்பெனி டெம்ப்ளேட், கஸ்டமர் ஃபைல் இவை உங்கள் செட்டிங்ஸ் அல்ல. பர்சனல் மெயிலுக்கு மொத்தமாக அனுப்பிக்கொள்வது பலருக்கும் தோன்றும் குறுக்கு வழி. ஐடி ஆட்கள் கண்ணில் படுவதும் அதுதான். "அண்ணா, என்னோட ஷார்ட்கட் ஃபைலை மட்டும் எடுத்துக்கலாமா?" என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஏற்காட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்கள், பெரிய சாஃப்ட்வேரை மறுபடி டவுன்லோட் செய்யும் வேலையை மழை நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். கீழே சேலத்துக்கு வரும் நாளில் முடித்துவிடுங்கள். புது அக்கவுண்ட்டில் ஒருமுறை எல்லாம் திறந்து பார்த்த பிறகு பழைய அக்கவுண்ட்டைக் கைவிட்டால் போதும். கடைசியாக, ஆபீஸ் மெயில் ஐடி கொடுத்து நீங்கள் தொடங்கிய சொந்தக் கணக்குகள் ஏதாவது இருந்தால், மெயில் முகவரியை இன்றே மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டை மறந்தால், மாற்றுவதற்கான லிங்க் மூடிப்போன அந்த இன்பாக்ஸுக்குத்தான் போகும்.