கம் மெல்லத் தெரியாமல் போன இருபது மாதங்கள்

எங்கள் பட்டறையில் மில்லிங் மெஷின் பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் சிகரெட்டை விட்டான். நான்காம் நாள், காலை 11 மணி டீக்குப் பேக்கரி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கையில் டீ கிளாஸ், வாயில் நிக்கோட்டின் கம் (சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டினைக் கொஞ்சமாகக் கொடுத்துத் தவிப்பைத் தணிப்பதற்கு மெடிக்கலில் விற்பது). ஒரு வாய் டீ குடிக்கிறான், கம்மை வேகவேகமாக மெல்கிறான், மறுபடி ஒரு வாய் டீ. கிளாஸ் காலியாவதற்குள் விக்கல் பிடித்துக்கொண்டது. "இது ஆகாதுங்கண்ணா. விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்" என்று கம்மைத் துப்பினான்.

2014-இல் நானும் இதையேதான் சொன்னேன். சொல்லிவிட்டு நேராகப் பெட்டிக்கடைக்குப் போனேன்.

நான் கடைசியாக விட்டது 2016 ஜனவரியில். அதற்குப் பிறகு பட்டறைக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பத்துப் பதினைந்து பேர் விடும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, லேத் ஓட்டுபவன். ஆனால் யார் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. பாக்கெட்டைத் தூக்கிப் போடு, லைட்டரை ஒளித்து வை என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. விட நினைப்பவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கம்மை மென்று தின்பது

வம்பு பெயரிலேயே இருக்கிறது. கம் என்றால் மெல்லத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். நிக்கோட்டின் கம் வாயில் அடக்கி வைக்க வேண்டிய பொருள்.

வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கடைவாயில் ஒதுக்கிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலை செய்வார்கள். கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் நிக்கோட்டின் ரத்தத்தில் சேரும். கம்மும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. வேகமாக மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு கலந்து வயிற்றுக்குள் போய்விடும். அங்கே போனதும் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். அப்படி விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரலே உடைத்துவிடும், மூளைக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். தொல்லை முழுசாக வரும், தவிப்பு அப்படியே இருக்கும். "கம் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

செய்ய வேண்டிய முறை இது. ஒரு கம்மை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். பத்துப் பதினைந்து கடிக்குள் மிளகைக் கடித்த மாதிரி ஒரு சுள்ளென்ற காரம் வரும். வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் போல ஆனதும் காரம் அடங்கும். மறுபடி மெதுவாகச் சில கடி, மறுபடி காரம், இந்த முறை அடுத்த பக்கம் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். கடித்தாலும் காரம் வராத நிலை வந்தால் அந்தக் கம் முடிந்தது.

அடுத்தது டீ. வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் கன்னத்தின் உள்தோல் நிக்கோட்டினைச் சரியாக இழுக்காது. அதற்காகவே கம்மில் புளிப்பை முறிக்கும் பொருளைச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். காபி, ஜூஸ், கலர் எல்லாம் அதைக் கெடுத்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும் விதி எளிது: கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, அது வாயில் இருக்கும் வரை, சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது. டீயும் இதில் அடக்கம். நம் ஊரில் சிகரெட் தவிப்பு அதிகம் வருவதே டீ நேரத்தில்தான். அதனால் டீயும் கம்மும் சேர்ந்தே வாய்க்குள் போகின்றன, கம் வீணாகிறது.

பெட்டிக்குள் இருக்கும் தாள் என்றேன். அந்தத் தாள் என் கைக்கு வரவே இல்லை. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நான் வாங்கிய மெடிக்கலில் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை மட்டும் உருவி, தலைவலி மாத்திரை கொடுக்கிற மாதிரி கொடுத்தார்கள். எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாள் சூயிங்கம் மாதிரி மென்றேன், விக்கி விக்கி வயிறு வலித்தது, விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இருபது மாதம், நாளைக்குப் பதினைந்து வீதம், ஏறத்தாழ 9,000 சிகரெட். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில் பல் டாக்டர் அம்மா, "கம் முயற்சி பண்ணினீங்களா? எப்படி மென்னீங்க?" என்று கேட்டார்கள். நான் மென்று காட்டியதும் தலையை ஆட்டிவிட்டு, மேலே நான் எழுதியதை அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். அந்த அரை நிமிடம் 2014-இலேயே கிடைத்திருந்தால் என் மூச்சுக்குழாய் அந்த 9,000 சிகரெட்டைப் பார்த்திருக்காது.

முறை சரியானாலும் எண்ணிக்கையில் தப்பு செய்கிறார்கள். தவிப்பு உச்சத்துக்குப் போன பிறகு ஒன்று, ராத்திரி ஒன்று என்று நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிகரெட்டில் இழுத்த நிக்கோட்டின் பத்து இருபது வினாடியில் மூளைக்குப் போய்விடும். கம்மில் அது ஏற இருபது முப்பது நிமிடம் ஆகும். தவிப்பு வந்த பிறகு போட்டால் எப்படி எட்டிப் பிடிக்கும்? ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துப் போட வேண்டும். நாளைக்குக் குறைந்தது ஒன்பது ஆகும். ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, பத்தாவது வாரத்திலிருந்து நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. 12 வாரத்தில் நிறுத்தலாம். "அப்புறம் கம்முக்கு அடிமையாகிவிட்டால்?" என்று பயந்து பத்தாம் நாளே நிறுத்துபவர்கள், இரண்டாம் வாரம் பெட்டிக்கடையில் நிற்கிறார்கள். நிக்கோட்டின் நம்மைக் கட்டிப் போடுகிற கயிறுதான். புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் புகையோடு வரும் மற்ற நஞ்சுகள், கம்மில் அவை இல்லை.

அளவும் முக்கியம். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நான் பல் தேய்ப்பதற்கு முன்பே பற்றவைத்தவன், வாங்கியதோ 2. எந்த அளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் கம்மைத் தொடவே கூடாது. கம் ஒத்துவரவில்லை என்றால் தோலில் ஒட்டும் பேட்ச் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.

மாலை போட்டு விடுவது

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுபவர்களில் எத்தனையோ பேர் அன்றே சிகரெட்டை நிறுத்திவிடுகிறார்கள். 48 நாள் ஒரு தம் கூட இல்லை. மலை இறங்கி, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்கிறார்கள். இது எனக்கு மனசு ஆறாத விஷயம். உடம்பு படுத்துகிற பாடு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சம், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் இவர்கள் கஷ்டமான பகுதியைத் தாண்டி, அதற்கு மேலும் மூன்று வாரம் நடந்துவிட்டார்கள். திரும்பிப் பிடிக்க வைத்தது உடம்பு இல்லை, மாலை கழற்றும் தேதி. அந்தத் தேதியை எண்ணிக்கொண்டேதான் 48 நாளும் போயிருக்கின்றன.

மாலை போட்டிருக்கும்போது ஒரு பெரிய வசதி உண்டு. யாரும் "ஒண்ணு போடறயா" என்று நீட்ட மாட்டார்கள். எதிரே வருபவர்கள் "சாமி" என்று ஒதுங்கிப் போவார்கள். அந்த வசதியை மாலை கழற்றிய பிறகும் கேட்டு வாங்குங்கள். கூடப் பிடிப்பவர்களிடம் போய், இன்னும் மூன்று மாதத்துக்கு என்னிடம் நீட்டாதீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என் பங்காளி ஒருவர் அப்படிச் சொல்லித்தான் தப்பித்தார்.

காபியைப் பழைய அளவிலேயே குடிப்பது

இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள், காபியில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் சீக்கிரமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதனால் அதே நான்கு காபி ஏறத்தாழ இரண்டு மடங்கு மாதிரி வேலை செய்யும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. "சிகரெட் இல்லாமல் உடம்பு தாங்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். விடும் வாரத்திலேயே காபி, டீயைப் பாதியாக்குங்கள். மதியத்துக்கு மேல் வேண்டாம்.

சில மனநல மாத்திரைகள், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் ஆகியவற்றுக்கும் இதே கதைதான், உடம்பில் அவற்றின் அளவு கூடும். சாப்பிடுபவர்கள் விடப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகரெட்டுக்குப் பதில் ஹான்ஸ்

அதுவும் புகையிலை. விட்ட கணக்கில் வராது.

வேப்

பேட்டரியில் ஓடும் இ-சிகரெட். 2019 முதல் இந்தியாவில் தடை.

"காலையில் போக மாட்டேங்குது"

வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள், ஆனால் நாலாம் நாள் பலரைத் திரும்ப இழுப்பது இதுதான். நிக்கோட்டின் குடலை முடுக்கி விட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றதும் மலச்சிக்கல். எழுந்ததும் வெந்நீர், ராத்திரி பழம், சாப்பாட்டில் கீரை, சாயங்காலம் கொஞ்சம் நடை. ஓரிரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும்.

தவிப்பு வரும்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது

ஒரு தவிப்பு எழுந்து அடங்க ஐந்து நிமிடம் போலத்தான் ஆகும். ஆனால் பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைக்கத் தொங்கும் கயிற்றின் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த ஐந்து நிமிடம் முடியவே முடியாது. எழுந்து நடந்துவிட வேண்டும், கைக்கு வேலை கொடுக்க வேண்டும். நான் அரத்தை எடுத்து, லேத்தில் கடைந்து வைத்த ஜாபுகளுக்கு, அதாவது இரும்புப் பாகங்களுக்கு, பிசிறு தட்டுவேன். இரண்டு கையும் வேண்டிய வேலை அது, இரும்புத்தூள் படிந்த விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகவும் முடியாது. மூன்றாவது ஜாப் முடியும்போது தவிப்பு எங்கே போனதென்றே தெரியாது. உங்கள் வேலையில் அப்படி ஒன்று இருக்கும், முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பது

ஒன்று பிடித்தது தப்புதான். ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் கம்மைத் தொடருங்கள். பாக்கெட் வாங்குவதுதான் பெரிய தப்பு.

கையில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல் இருப்பது

2018 முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் 1800-11-2356 என்ற எண் அச்சிடப்பட்டு வருகிறது. மத்திய அரசின் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண், அழைக்கக் காசு கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தென்னிந்திய மொழிகளில் பேச ஆட்கள் இருக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். "எந்தத் தேதியில் விடப் போகிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தம்பியின் சட்டைப்பையில் அந்த எண் ஐந்து வருடமாக இருந்திருக்கிறது. படம் பயமாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் திருப்பியே வைத்திருந்தானாம்.

அன்று டீ முடிந்து இருபது நிமிடம் கழித்து, அவன் மெஷின் பக்கத்தில் ஒரு கம்மைப் பிரித்துக் கொடுத்தேன். கடியை எண்ணிக்கொண்டே மெதுவாக மெல்லச் சொன்னேன். பன்னிரண்டாவது கடியில் முகம் சுளித்து, "சுள்ளுங்குதுங்கண்ணா" என்றான். நிறுத்து, கன்னத்தில் ஒதுக்கு என்றேன். ஒதுக்கிக்கொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தான். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அந்தப் பக்கமிருந்து ஒரு விக்கல் கேட்கவில்லை.